முப்பதாயிரம் கட்டலாமா, ஆயிரத்தைப் பிடித்துக்கொள்ளலாமா?

கேள்வி: நான் 1973-ல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து 1997 ஆகஸ்டில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஊர் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். எனக்கு 71 வயது, மனைவிக்கு 66. எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு; 2019-ல் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மனைவிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். ஒரு முட்டிக்கே இரண்டே கால் லட்சம் கேட்கிறார்கள். 2003-ல் ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம்) வந்தபோது நான் சேரவில்லை. பென்ஷனோடு மாதம் 1,000 ரூபாய் மெடிக்கல் அலவன்ஸ் வருகிறது. பெங்களூரில் இருக்கும் மகன், 58,000 பிரீமியத்தில் இருவருக்கும் சேர்த்து பத்து லட்சத்துக்குப் பாலிசி எடுக்கலாம் என்கிறான். ஏஜென்ட், "ஃபாரத்தில் சர்க்கரையை எழுத வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். ஊர்க்காரர்கள், 70 தாண்டியவர்களுக்கு ஆயுஷ்மான் கார்டு சும்மா கொடுக்கிறார்கள், அதை வாங்கிக்கொள் என்கிறார்கள். ஈ.சி.எச்.எஸ்.-ல் இப்போது சேர 30,000 கட்ட வேண்டுமாம். சேர்ந்தவர்கள் மருந்து கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்புகிறார்கள் என்று புலம்புகிறார்கள். நான் என்ன செய்வது? விவாகரத்தாகி எங்களோடு இருக்கும் மகளையும் எதிலாவது சேர்க்க முடியுமா? தையல் வேலையில் மாதம் ஆறாயிரம் சம்பாதிக்கிறாள். என் பென்ஷன் ஆர்டர் நகலும் எல்லோருடைய ஆதார் நகலும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கம் ஹவில்தார் ஐயா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பாலிசி விற்பவன் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவன். நீங்கள் எதை எடுத்தாலும், எடுக்காவிட்டாலும், எனக்குக் கமிஷன் கிடையாது. அந்தத் தைரியத்தில் நேராகவே சொல்கிறேன்: முப்பதாயிரத்தைக் கட்டி ஈ.சி.எச்.எஸ்.-ல் சேருங்கள். 58,000 பாலிசியை விட்டுவிடுங்கள். உங்கள் மனைவியின் முட்டி ஆபரேஷனை அதுவரை தள்ளிப்போடுங்கள். இனி காரணங்களைப் பார்ப்போம்.

உங்கள் கடிதத்தில் மூன்று கார்டுகளையும் ஒரே வரிசையில் வைத்து எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே ஜாதிப் பொருள் அல்ல. இன்ஷூரன்ஸ் என்பது இனிமேல் வரக்கூடிய நோய்க்காக விற்கப்படும் சரக்கு. வந்துவிட்ட நோயோடு போனால் "கொஞ்சம் காத்திருங்கள்" என்றுதான் சொல்வார்கள். அது அவர்கள் தொழில், அதில் தப்பும் இல்லை. ஈ.சி.எச்.எஸ். அப்படிப்பட்ட இன்ஷூரன்ஸ் இல்லை. பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரருக்கு அரசாங்கம் கொடுக்கும் மருத்துவ உரிமை அது. சேரும்போது வயது கேட்டு விலை ஏற்ற மாட்டார்கள், ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்ல மாட்டார்கள், காத்திருப்புக் காலம் கிடையாது. வருஷா வருஷம் பிரீமியமும் இல்லை. ஒரே ஒரு தடவைதான் பணம். 71 வயதில், ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு, தேய்ந்த முட்டியோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு வருகிற ஒருவரை இந்த விலைக்கு உள்ளே விடும் கதவு வேறு எங்கேயும் இல்லை.

உங்கள் விஷயத்தில் தேதி கொஞ்சம் சதி செய்திருக்கிறது. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு ஈ.சி.எச்.எஸ். இலவசம். போரில் ஊனமுற்றவர்கள், போரில் கணவரை இழந்தவர்கள் ஆகியோருக்கும் கட்டணம் இல்லை. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கோ கட்டாயம். பணம் பிடித்துக்கொண்டுதான் வெளியே அனுப்புவார்கள். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். சேரலாம், சேராமலும் இருக்கலாம், சேர்ந்தால் பணம். 2003-ல் பென்ஷன் அளவைப் பொறுத்து 1,800-லிருந்து 18,000 வரை கட்டினார்கள். இப்போது பதவியைப் பொறுத்து: ஹவில்தார் வரை 30,000, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. கடைசியில் ஹானரரி நாயப் சுபேதார் பட்டம் எதுவும் வந்திருந்தால் 67,000 தட்டில் போய்விடுவீர்கள். உங்கள் பென்ஷன் ஆர்டரில் ஹவில்தார் என்றுதான் இருக்கிறது, சரி, முப்பதாயிரம்தான். படுக்கை பொது வார்டு. அதைவிடப் பெரிய அறை வேண்டுமென்றால் வித்தியாசத்தைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

இப்போது அந்த ஆயிரம் ரூபாய். ஈ.சி.எச்.எஸ்.-ல் சேர்ந்தால் மெடிக்கல் அலவன்ஸ் நின்றுவிடும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. நிறையப் பேர் இதில்தான் தயங்குகிறார்கள். மாதம் பிறந்தால் கணக்கில் விழுகிற ஆயிரத்தை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத சலுகைக்கு முப்பதாயிரம் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆகவே கணக்கே போட்டுவிடுவோம். மாத்திரைச் சீட்டு எதுவும் நீங்கள் அனுப்பவில்லை. உங்களைப் போலச் சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட்டுக்குப் பிந்தைய மாத்திரைகள் என்று சாப்பிடும் தம்பதிகள் என்னிடம் காட்டும் மருந்துக்கடை பில்களை வைத்து, உங்கள் வீட்டுக்கு மாதம் நாலாயிரம் என்று வைத்துக்கொள்கிறேன். வருஷத்துக்கு 48,000. இதில் பாதி மருந்துதான் ஈ.சி.எச்.எஸ். நடத்தும் கிளினிக்கான பாலிகிளினிக்கில் கிடைக்கிறது என்று மோசமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 24,000 மிச்சம், அலவன்ஸில் போவது 12,000. நிகரமாக வருஷத்துக்கு 12,000 லாபம். இரண்டரை வருஷத்தில் முப்பதாயிரமும் திரும்பிவிடும். இதெல்லாம் மாத்திரைக் கணக்கு மட்டும்தான். முட்டியை இன்னும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இனி மகன் சொல்லும் பாலிசி. பிள்ளை அக்கறையாகத்தான் சொல்கிறார், அதைக் குறை சொல்ல மாட்டேன். அறுபத்தைந்து தாண்டினால் பாலிசியே கிடைக்காது என்ற நிலைமையும் மாறிவிட்டது. 2024 ஏப்ரலிலிருந்து எந்த வயதினருக்கும் பாலிசி விற்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வழி திறந்துவிட்டது. தனிநபர் பாலிசிக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22-லிருந்து இல்லை. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஆணையத்தைக் கேட்காமல் வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்றக் கூடாது என்றும் 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் பத்து சதவீதம் என்பதையே பெருக்கிப் பாருங்கள்: இன்றைய 58,000 ஐந்து தடவை அப்படி ஏறினால் 93,000-த்தைத் தாண்டிவிடும். அப்போது உங்களுக்கு 76 வயது.

பெரிய விஷயம் காத்திருப்புக் காலம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை பணம் தர மாட்டேன் என்று சொல்லக் கம்பெனிக்கு உரிமை உண்டு. முன்பு 48 மாதம் இருந்தது. குறைத்துத்தான் இந்த 36. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையைக் கம்பெனிகள் வழக்கமாகத் தனிக் காத்திருப்புப் பட்டியலிலும் வைத்திருக்கும். பிரீமியம் ஏறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், மூன்று வருஷத்தில் 1,74,000 கட்டியிருப்பீர்கள். அதற்குள் உங்கள் இதயத்துக்கோ, மனைவியின் முட்டிக்கோ ஒரு ரூபாய் வராது. டெங்கு வந்தால் வரும், வழுக்கி விழுந்து கை உடைந்தால் வரும். அதுவும் முழுசாக வருமா என்பதற்குப் பாலிசியில் இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். மூத்த குடிமக்களுக்கான பல பாலிசிகளில் கோ-பே என்று ஒன்று இருக்கும். இருபது சதவீதம் என்றால் மூன்று லட்சம் பில்லில் அறுபதாயிரம் உங்கள் கையிலிருந்து. அறை வாடகைக்கு உச்சவரம்பு இன்னொன்று. நாளொன்றுக்கு 4,000 வரைதான் என்று இருக்கும்போது நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையில் பாதி மட்டும் போகாது. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம், நர்ஸிங் எல்லாவற்றிலும் பாதியைக் கழிப்பார்கள். மருந்து, இம்பிளான்ட் (உடலுக்குள் பொருத்தும் பொருள்), பரிசோதனைகளில் அப்படிக் கழிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அது தெரியாமல் அதையும் சேர்த்துக் கழித்த பில்லை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போனவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

ஏஜென்ட் சொன்ன "சர்க்கரையை எழுத வேண்டாம்" என்ற வார்த்தைக்கு வருகிறேன். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 2019-ல் ஸ்டென்ட் வைத்துவிட்டு வந்தீர்களே, அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து முதல் பாராவைப் பாருங்கள். இன்ன வருஷமாகச் சர்க்கரை, இன்ன வருஷமாக ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் அங்கே எழுதியிருப்பார். நாளைக்குக் கிளெய்ம் என்று போனால் கம்பெனி கேட்கும் முதல் காகிதம் அதுதான். கம்பெனியின் டாக்டர் முதலில் படிக்கும் வரியும் அதுதான். மறைத்தது தெரிந்தால் கிளெய்மை மறுப்பதோடு பாலிசியையே ரத்து செய்வார்கள். கட்டின பிரீமியமும் போகும். ஐந்து வருஷம் தொடர்ந்து பாலிசி ஓடிவிட்டால் மறைத்துவிட்டார் என்ற காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது என்று ஒரு விதி இருக்கிறது, அதைத்தான் ஏஜென்ட் மனதில் வைத்துப் பேசியிருப்பார். அந்த விதிக்குள்ளேயே, மோசடி என்று நிரூபணமானால் பாதுகாப்பு இல்லை என்றும் இருக்கிறது. ஃபாரத்தில் "சர்க்கரை உண்டா?" என்ற கேள்விக்கு எதிரே "இல்லை" என்று டிக் செய்து, கீழே கையெழுத்துப் போட்டிருப்பது நீங்கள். ஏஜென்ட் அப்போது வேறு கம்பெனியில் இருப்பார்.

ஏற்கெனவே யாராவது அவசரத்தில் இப்படி ஒரு பாலிசியை எடுத்துவிட்டு இதைப் படிக்கிறீர்களா? பாலிசி கைக்கு வந்து முப்பது நாளைக்குள் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து, சிறு பிடித்தம் போகப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். கையில் இருந்தால் இன்றைக்கே தேதியைப் பாருங்கள்.

ஆயுஷ்மான் கார்டைப் பற்றி ஊர்க்காரர்கள் சொல்வது பாதி சரி. 2024 அக்டோபர் 29 முதல், 70 வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை என்று அந்தத் திட்டம் விரிவாக்கப்பட்டது. வய வந்தனா கார்டு என்பது இதுதான். பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு, காத்திருப்பு இல்லை. அந்த விதத்தில் நல்ல திட்டம். ஊர்க்காரர்கள் சொல்லாமல் விட்ட பாதியில் மூன்று விஷயம் இருக்கிறது. முதலாவது, உங்களுக்கு 71, மனைவிக்கு 66. அந்தக் கார்டு 70 ஆனவருக்குத்தான். இன்றைக்கு ஆபரேஷன் தேவைப்படுகிறவர் உங்கள் மனைவி. அவர் இன்னும் நாலு வருஷம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, அது படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்கு. அட்மிட் ஆவதற்கு முன் மூன்று நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் பதினைந்து நாள் செலவு சேரும், அவ்வளவுதான். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும், டாக்டரைப் பார்க்கும் செலவுக்கும் அதில் இடமில்லை. உங்கள் வீட்டில் பணம் கரைவது அங்கேதானே? மூன்றாவது, ஈ.சி.எச்.எஸ்.-ல் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே ஈ.சி.எச்.எஸ். கார்டு வைத்திருக்கும் மற்ற மிலிட்டரிக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: முகாம் போட்டுக் கார்டு கொடுக்கிறார்கள் என்று வரிசையில் நின்று கைரேகை வைத்துவிடாதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும்; உங்கள் பென்ஷன் அதைத் தாண்டிவிடும்.

பென்ஷனுக்குத் தேவையான வருஷம் நிரம்பாமல், இடையிலேயே வெளியே வந்த முன்னாள் வீரர்கள் கதை வேறு. பென்ஷன் இல்லாத ஜவானுக்குப் பொதுவாக ஈ.சி.எச்.எஸ். கிடையாது. அவர்களுக்கு 70-ல் ஆயுஷ்மான் பெரிய வரம். அதற்கு முன், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக மத்திய அரசின் மருத்துவ நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம்; கலெக்டர் அலுவலகப் பக்கம் போகும்போது ஒரு எட்டு விசாரித்துவிட்டு வாருங்கள்.

சரி, ஈ.சி.எச்.எஸ்.-ஐப் பற்றி நீங்கள் கேட்ட புலம்பல்களுக்கு வருவோம். அவை பொய் இல்லை. பாலிகிளினிக்கில் சில மாத்திரைகள் இல்லை என்பார்கள். இருக்காது என்று தெரிந்தால் சும்மா திரும்பி வராதீர்கள். சீட்டில் "இல்லை" என்று முத்திரை போடச் சொல்லுங்கள். அந்த முத்திரையோடு பாலிகிளினிக் ஏற்பாடு செய்திருக்கும் உள்ளூர் மருந்துக்கடை மூலம் வரவழைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் வெளியே வாங்கி, பில்லைக் கொடுத்துப் பணம் வாங்க வழி உண்டு. முத்திரை இல்லாத பில் வெறும் காகிதம். இன்னொன்று, நிறையப் பேர் சண்டை போடும் இடம்: டாக்டர் ஒரு பிராண்ட் எழுதியிருப்பார், அங்கே வேறு பிராண்டில் அதே மருந்து இருக்கும். மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையின் நிறம் மாறியதற்காகச் சண்டை வேண்டாம்.

ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் பணம். சிகிச்சைக்கான பில்லை ஆஸ்பத்திரி ஈ.சி.எச்.எஸ்.-க்கு அனுப்பி, மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.-ன் விலைப்பட்டியலின்படி வாங்கிக்கொள்ள வேண்டும். விலை குறைவு, பணமும் தாமதம் என்பது அவர்கள் குறை. பாக்கி ஏறினால் சில ஆஸ்பத்திரிகள் "பெட் இல்லை" என்ற பழைய பாட்டைப் பாட ஆரம்பிக்கும். 2025 அக்டோபரில் சி.ஜி.எச்.எஸ். விலைப்பட்டியலை நீண்ட இடைவெளிக்குப் பிறகு மாற்றியிருக்கிறார்கள். இது கொஞ்சம் உதவும் என்று நினைக்கிறேன். எப்படியும், பாலிகிளினிக்கில் ரெஃபரல் (ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டு) வாங்கும்போது எந்த ஆஸ்பத்திரி என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அதனால் பாலிகிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். போன மாதம் முட்டி மாற்றிக்கொண்ட ஒரு நாயக்கின் மனைவி எந்த ஆஸ்பத்திரியில் மரியாதையாகப் பார்த்தார்கள் என்று சொல்வார். அந்தத் தகவல் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

முட்டி ஆபரேஷனை ஏன் தள்ளிப்போடச் சொன்னேன் என்றால், திட்டமிட்டுச் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கு முதலில் பாலிகிளினிக் ரெஃபரல், பிறகு ஈ.சி.எச்.எஸ். பட்டியலில் இருக்கும் ஆஸ்பத்திரி, இதுதான் வரிசை. இப்போதே கடனை வாங்கிச் செய்துவிட்டு, கார்டு வந்த பிறகு பில்லை நீட்டினால் வாங்க மாட்டார்கள். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் பணம் திரும்பக் கிடைப்பது உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் மட்டும்.

அந்த அவசரத்தைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற சுபேதார். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி. வீட்டுக்காரம்மாவும் பக்கத்து வீட்டுப் பையனும் ஆட்டோவில் போட்டு, கிட்டே இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அது பட்டியலில் இல்லை. செய்தது சரிதான்; அந்த நேரத்தில் பட்டியல் தேடக் கூடாது, கிட்டே இருப்பதில்தான் சேர்க்க வேண்டும். பிழைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி, ஏழாம் நாள் பில்லை எடுத்துக்கொண்டு பாலிகிளினிக் போனார்கள். "ஏன் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லவில்லை?" என்றார்கள். அந்தம்மாவுக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. கார்டு சுபேதாரின் பெட்டியில், மிலிட்டரி டிஸ்சார்ஜ் புக்குக்கு அடியில் பத்திரமாக இருந்தது. தாமதத்துக்கு விளக்கம் எழுதி, மேலிடத்துக்குப் போய், மாசக்கணக்கில் அலைந்து என்னிடம் வந்து சேர்ந்தார்கள். கடைசியில் கிடைத்தது, ஆனால் அரசாங்க விலைப்பட்டியல் அளவுக்குத்தான். ஆஸ்பத்திரி வாங்கியது அதைவிட மிக அதிகம். எனவே கார்டு வந்ததும் பாலிகிளினிக் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பக்கத்தில் "48 மணி நேரம்" என்றும் எழுதுங்கள். உங்களுக்கு ஒன்று என்றால் போன் செய்ய வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் மனைவியோ மகளோதான்.

குடியாத்தத்திலிருந்து வேலூர் பாலிகிளினிக்குப் போய்வந்தால் ஒரு நாள் போய்விடும், நிஜம்தான். நாள்பட்ட நோய்க்கு மருந்தை மொத்தமாக ஒரு மாதத்துக்கோ அதற்கு மேலோ கொடுப்பார்கள். அப்படி எழுதச் சொல்லுங்கள். குறிப்பிட்ட வயதைத் தாண்டிய மூத்தவர்கள் வெளிநோயாளியாக ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ரெஃபரல் இல்லாமலே பட்டியலிலுள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகலாம்; இப்போது எந்த வயது என்று பாலிகிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். கார்டு நாடு முழுக்கச் செல்லும், ஆகவே பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கும்போது அங்குள்ள பாலிகிளினிக்கில் காட்டலாம்.

இப்போது நீங்கள் அனுப்பிய காகிதங்கள். இங்கேதான் எனக்குக் கவலை. உங்கள் பென்ஷன் ஆர்டரில் மனைவியின் பெயர் வீட்டில் கூப்பிடும் சுருக்கப் பெயராக இருக்கிறது. ஆதாரில் பள்ளிக்கூடத்தில் வைத்த முழுப் பெயர். பிறந்த வருஷமும் இரண்டு வருஷம் வித்தியாசப்படுகிறது. கல்யாணமான புதிதில், லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பியதும் கிளார்க்கிடம் வாயால் சொல்லி எழுதவைத்திருப்பீர்கள். எழுபது, எண்பதுகளில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் காகிதம் இப்படித்தான் இருக்கிறது. நீங்கள் இருக்கும்வரை இது சின்னத் தொல்லை. உங்களுக்குப் பிறகு ஃபேமிலி பென்ஷனும், ஈ.சி.எச்.எஸ். கார்டை அவர் பெயரில் மாற்றுவதும் இந்த ஒரு எழுத்தில் மாட்டிக்கொள்ளும். கணவர் காலமான பிறகும் மனைவிக்கு ஈ.சி.எச்.எஸ். தொடரும். ஆனால் ஆள் அவர்தான் என்று காகிதம் சொல்ல வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸ் ஊட்டிப் பக்கம் வெலிங்டனில் இருக்கிறது. பெயர், பிறந்த தேதித் திருத்தத்துக்கு அங்கே எழுதி, பார்ட் டூ ஆர்டர் (பதிவேட்டில் மாற்றத்தைப் பதியும் உத்தரவு) வெளியிடச் செய்து, திருத்திய பென்ஷன் ஆர்டர் வாங்க வேண்டும். என்னென்ன இணைப்பு வேண்டும் என்பதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள், கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார்கள். இதை இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

மகள் விஷயம் சுலபம். விவாகரத்தான மகள், வயது எதுவானாலும், உங்களைச் சார்ந்திருந்தால் ஈ.சி.எச்.எஸ்.-ல் சேரலாம். வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும். ஆறாயிரம் உள்ளேதான் வருகிறது. கோர்ட் தீர்ப்பு நகல் கட்டாயம். ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரம் செல்லாது. தனியார் பாலிசியில் அவருக்குத் தனிப் பிரீமியம் ஆகியிருக்கும். இங்கே அதே முப்பதாயிரத்துக்குள் அடக்கம்.

விண்ணப்பம் ஈ.சி.எச்.எஸ். இணையதளத்தில்தான். பென்ஷன் ஆர்டர், டிஸ்சார்ஜ் புக், ஆதார், பான், புகைப்படம், மெடிக்கல் அலவன்ஸை நிறுத்தியதற்கான சான்று, முப்பதாயிரம் கட்டிய எம்.ஆர்.ஓ. (ராணுவக் கணக்கில் பணம் கட்டும் சலான்) ரசீது என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸில் (அந்தப் பகுதியின் ராணுவ அலுவலகம்) சரிபார்ப்பார்கள். ஸ்மார்ட் கார்டு கைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை தற்காலிகச் சீட்டு கொடுப்பார்கள், அதை வைத்தே சிகிச்சை பெறலாம். பிரவுசிங் சென்டர் பையனிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இன்னொரு பெயர்ப் பிழையை இன்னொரு தடவை திருத்த உங்களுக்கும் பொறுமை இருக்காது.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஒரு பாலிசி இருந்தால் நல்லது என்று மகன் நினைத்தால், அவரிடம் ஒன்று கேளுங்கள்: அவருடைய கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸில் பெற்றோரைச் சேர்க்க இடம் இருக்கிறதா? பல கம்பெனிகளில் உண்டு, பெரும்பாலும் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்து கிடைக்கும். வேலை மாறினால் போய்விடும், அதனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஈ.சி.எச்.எஸ். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் கைகொடுக்கும். குரூப்பில் இடமில்லை என்றால் சூப்பர் டாப்-அப் என்று ஒரு வகை உண்டு. முதல் மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் கம்பெனி. பிரீமியம் நன்றாகக் குறையும். அதற்கும் சர்க்கரை, ஸ்டென்ட் எல்லாம் எழுதித்தான் கொடுக்க வேண்டும், அதிலும் காத்திருப்பு உண்டு. உங்கள் நிலைமையில் அது அவசியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

"வேண்டாம் என்றால் மகன் கோபித்துக்கொள்வான்" என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். 58,000 கொடுக்கத் தயாராக இருக்கும் பிள்ளையை ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? முப்பதாயிரத்தை எம்.ஆர்.ஓ.வில் கட்டச் சொல்லுங்கள். வெலிங்டனுக்கு அனுப்பும் கடிதத்தையும் இணையதள விண்ணப்பத்தையும் அவரே லேப்டாப்பில் செய்துகொடுக்கட்டும். மிச்சம் 28,000 இருக்கிறது. அம்மாவின் முட்டி சரியாகும்வரை வேலூருக்குப் பஸ் ஏற வேண்டாம், வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள்.